ஆறாவது தேத்தண்ணிக் கடை வேண்டாம்

1932 கார்த்திகை 3
மழை. விறகு ஈரம், வீடெல்லாம் புகை. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் மகன் சுப்பையாவின் பேரை வெட்டிவிட்டார்கள், வேலை போயிற்று. தோட்டத்தை விட்டுக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து ஒரு மாதம். வெட்டச் சொன்னது பெருமாள் கங்காணி. தன் மச்சான் பேரை மட்டும் காப்பாற்றிக்கொண்டான். பிறகு தோட்டத்துத் துரை அந்தக் கங்காணியையே அனுப்பிவிட்டார். நன்றாக வேண்டும்.

சோறு தின்னும்போது சுப்பையா: "தேத்தண்ணிக் கடை போடுறேம்மா. சரிவரலன்னா எல்லாரும் கப்பல் ஏறி ஊருக்குப் போயிருவோம்."

எந்த ஊர்? நான் பிறந்தது இங்கே, தோட்டத்து லயத்து வீட்டில். ஏறமாட்டேன்.

கார்த்திகை 4
தூறல். பாலம் வரை போனேன். புதிதாக ஐந்து தேத்தண்ணிக் கடை. எல்லாம் தோட்டத்தில் பேர் வெட்டுப்பட்டவர்கள் போட்டது. கடைசிக் கடை கங்காணியுடையது! பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நிற்கிற சனம் வெறும் தேத்தண்ணி குடிக்கிறது. கடிக்க ஒன்றுமில்லை.

ஹேவாஹெட்டயில் நாத்தனார் மகன் போட்ட பெட்டிக்கடை அதற்குள் மூடியாயிற்று. அங்கே விற்கிறவனுக்கும் வேலை இல்லை, வாங்குகிறவனுக்கும் இல்லை. இங்கே ரோட்டில் வெளிச் சனம் வந்து போகிறது.

"ஆறாவது கடை வேணாம்டா. இருக்கிற கடைக்கு நாம வடை போடுவோம்."

"கங்காணி கடைக்குமா?"

"அவன் கடைய விட்டுட்டு."

மருமகள் மீனாட்சி: "அத்தை தோட்டத்த விட்டாலும் கங்காணிய விடமாட்டாங்க."

கார்த்திகை 6
உளுந்து, கறிவேப்பிலை, உப்பு. பச்சை மிளகாய் விலை அநியாயம். முதல் ஈடு எண்ணெய் குடித்துவிட்டது, நாங்களே தின்றோம். அடுத்தது மொறுமொறு. சுப்பையா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டுதான் கூடையைத் தூக்கினான். வெயில் ஏறுமுன் காலிக் கூடை. மூஞ்சி பரவாயில்லை.

கார்த்திகை 9
வெயில். முழங்கால் வலி. கங்காணி கடையில் ஈ கூட இல்லையாம். "வடை இல்லியா?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போகிறார்களாம். சாயங்காலம் அவனே வந்தான். தோட்டத்தில் என்னைக் கெழவி என்ற வாய்.

"அம்மா, நம்ம கடைக்கும் கொஞ்சம் குடுங்க."

"தோட்டத்துல பேர் கூப்பிடுற பெரட்டு மாதிரி, விடியக்காலையில வாசல்ல வந்து நிக்கணும் கங்காணி. பிந்தி வந்தா பேர் இல்ல."

சுப்பையா சிரிப்பை அடக்க உள்ளே ஓடிவிட்டான்.

கார்த்திகை 10
பனி. கங்காணி தலையில் துண்டோடு வந்து நின்றான். மற்ற நாலு கடைக்கும் கொடுத்த பிறகு கொடுத்தேன். சுப்பையா இன்னோர் ஆட்டுக்கல்லுக்கு இடம் பார்க்கிறான்.