குப்பையும் சேர்ந்தே வரட்டும்

நம் அச்சுக் கடைக் கணினியின் பழைய ஹார்ட் டிஸ்க் என் மேசைமேல் கிடக்கிறது. சற்று முன்தான் கழற்றியது. சூடு இன்னும் ஆறவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறப்பதற்குள் மாப்பிள்ளைக்கு நரை விழுந்துவிடும் என்று இதை நீதான் அதிகம் திட்டுவாய். பிரிக்ஃபீல்ட்ஸில் இந்த மாடிக்கு ஏறி வருகிறவர்களுக்கும் பொறுமை போய்விட்டது. அதனால் இதைவிட வேகமான எஸ்எஸ்டிக்கு மாற்ற ஆளைக் கூப்பிட்டேன்.

“அக்கா, எல்லாத்தையும் புதுசா போட்டுறலாமா? சுத்தமா இருக்கும்,” என்றார் வந்தவர்.

“வேணாம் பாஸ். பழசுல என்ன இருக்கோ அப்படியே மாத்திக் குடுங்க.”

“குப்பையும் சேர்ந்துல்ல வரும்?”

“வரட்டும் லா.”

தமிழ் எழுத்துருக்கள் போய்விடும், பழைய பத்திரிகைகள் கிறுக்கலாகிவிடும் என்று அவரிடம் காரணம் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது நீ வைத்துப்போன அந்த ஒரு மணிச் சாப்பாட்டு அழைப்பு.

சிகிச்சைக்கு நீ போய்வரத் தொடங்கிய சமயம் அது. “நான் இல்லாத நாள்ல நீ சாப்பிட மாட்ட. அப்புறம் கேஸ்ட்ரிக்னு வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்ப,” என்று திட்டிக்கொண்டே என் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ தட்டினாய். மறுநாளிலிருந்து தினமும் ஒரு மணிக்குத் திரையின் மூலையில் ஒரு பெட்டி திறந்தது: “எழுந்திரு லா. சாப்பாடு ஆறுது.” நம் ஊர்ப் பேச்சின் ‘லா’வைக்கூட நீ விடவில்லை.

ஒரு மணிக்கு என்பது சும்மா பேச்சுக்குத்தான். பெரிய படங்களைத் திறந்து வைத்திருந்தால் டிஸ்க் முக்கி முனகி, கால் மணி அரை மணி கழித்துத்தான் அதைக் காட்டும். எனக்குச் சிரிப்பு வரும். நீயும் அப்படித்தானே? கிள்ளானிலிருந்து வருகிற ரயில் லேட் என்பாய்; உன் தம்பி காரில் கொண்டுவந்து விட்ட நாளிலும் ரயில்தான் லேட். சாப்பிடக் கூப்பிடுகிறவளும் நீ, “தோ வந்துட்டேன்டி” என்று என்னைப் படிக்கட்டின் கீழே நிற்க வைக்கிறவளும் நீ. நாம் போய் இலை முன் உட்காருவதற்குள் பாகற்காய் வறுவல் தீர்ந்திருக்கும். சாப்பாட்டுக் கடை அக்கா நம்மைக் கண்டதுமே கையை விரிப்பார். “கோவிச்சுக்காதடி, நாளைக்கு சீக்கிரம் வரலாம்,” என்பாய். எத்தனை நாளை!

நீ போன பிறகும் பெட்டி வந்துகொண்டிருந்தது. அது வந்தால் எழுவேன், போவேன், சாப்பிடுவேன். அக்கா கொஞ்ச நாள் பழக்கத்தில் இரண்டு இலை போட்டார். பிறகு ஒன்றாகிவிட்டது. அன்று இலையைப் பாதியிலேயே மூடிவிட்டு எழுந்தேன்.

இன்று எஸ்எஸ்டியை மாட்டியதும் கணினி இமைக்கும் நேரத்தில் திறந்துகொண்டது. எழுத்துருக்கள் இருந்தன. பத்திரிகைகள் இருந்தன. பணத்தை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். எனக்கோ வேலை ஓடவில்லை. உன் பெட்டி வருமா, வராதா? கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது. டாண் என்று ஒரு மணிக்கு.

சந்தோஷப்படத்தான் வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு நீ என்றைக்கு வந்திருக்கிறாய்? வார்த்தையெல்லாம் உன்னுடையதுதான், ஆனால் வேறு யாரோ வந்து உன் பேரில் என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. இத்தனை நாளும் அந்தத் தாமதத்தில்தான் நீ இருந்திருக்கிறாய் போலிருக்கிறது. அதை மட்டும் புதுசுக்கு மாற்றித் தர அந்தக் கணினிக்காரராலும் முடியாது.

பெட்டி இன்னும் திரையில்தான் இருக்கிறது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன், ஆறிவிட்டது. பசிக்கிறது. இருந்தாலும் எழுந்திருக்கவில்லை.

பாகற்காய் தீர்ந்தால் தீரட்டும். நீ வருகிற நேரம் இன்னும் ஆகவில்லையே.