மாமன் மடி

ஜூன் 7, சனி

இல்லையாம். வலிக்கவே இல்லையாம். மாமா மடியில் உட்கார்ந்தால் வலிக்காது என்று அப்பத்தா சொன்னார்களாம். அதனால் வலிக்கவில்லையாம்.

பாப்பாவுக்கு மொட்டை. காதுக்குப் பின்னால் சந்தனம் காய்ந்து செதில் செதிலாக. இரண்டு காதிலும் புதுத் தோடு. இடது காது சிவந்து வீங்கி. கோர்ட்டில் பிள்ளைகளைப் பார்க்கும் அறைக்குள் அவள் நடந்து வந்தபோது, ஒரு கணம், வேறு யாருடைய பிள்ளையோ என்று நினைத்துவிட்டேன்.

"எந்த மாமா?"

"கூடலூர் மாமாதான். வெள்ளை வேட்டி கட்டி வந்தாக. பட்டுப்பாவாடை கொண்டாந்தாக. ஜீப்புல என்னைய முன்னாடி உக்கார வச்சாக."

"அம்மாவ யாரும் கேக்கலையா?"

"நீ காலேஜுல பரீட்சை வைக்கிறேன்னு அப்பா சொன்னாக."

கூடலூர் மாமா என் அண்ணன். எனக்கு ஒரே அண்ணன்.

காதைத் தொட விடவில்லை. தலையைத் தொட விட்டாள். உள்ளங்கையில் மணல்தாள் மாதிரி. அவள்மேல் எப்போதும் போலப் பூண்டு வாசம். வடுகபட்டியில் அவள் அப்பா வீட்டுக்குக் கீழேதான் பூண்டு மண்டி. அங்கே இருந்தவரை எனக்கும் அதே வாசம்தான், எனக்குத்தான் தெரிந்ததில்லை.

பன்னிரண்டு மணிக்கு ரா. வந்து கூட்டிப்போனார். (ரா.: சட்டப்படி இன்னும் என் கணவர்.) என்னைப் பார்க்கவில்லை. "உங்கம்மாட்ட டாட்டா சொல்லிட்டு வா." கடைசி எட்டு மாதமும் அந்த வீட்டில் இப்படித்தான் பேச்சு. "உங்கம்மாட்ட சோறு போடச் சொல்லு." "உங்கம்மாட்ட லைட்ட அணைக்கச் சொல்லு." அடித்ததில்லை. அது வழக்குக்குப் பலவீனம் என்கிறார் வக்கீல்.

அண்ணன் போனை எடுக்கவில்லை. அம்மா எடுத்தாள். "ஜீப்ப சர்வீஸுக்கு விட்டுருக்கான்த்தா." பின்னாலேயே அவன் இருமல்.

ஜூன் 8, ஞாயிறு

விடிந்தும் விடியாமல் கூடலூர் பஸ். கம்பம் தாண்டியதும் சாரல். ஜன்னல் மூடவில்லை, முழங்கை வரை ஈரம்.

அண்ணன் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப். ஞாயிறு ஓட்டமில்லை. இரண்டு கால் மட்டும் வெளியே. கால்களோடுதான் பேசினேன்.

"ஏண்ணே போன?"

"போகாம?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா நீ விட்டுருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அது உண்மை. ஸ்பானரைத் தேடும் சத்தம்.

பிறகு வெளியே வந்தான், முகத்தில் கிரீஸ். நடந்தது இது. ரா. வீட்டார் தங்கள் குலசாமி கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். மாமன் வரமாட்டான் என்றால் வடக்குத்தெருப் பெரியப்பா மகன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிடுகிறோம், அவனும் மாமன் முறைதானே என்று சொல்லி அனுப்பினார்கள். என் பெரியப்பாதான் அவர்; அந்த வீட்டோடு எங்களுக்குக் கிணற்றுத் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. அந்த வீட்டைத் தேடிப்பிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். என் அண்ணனை எங்கே தொட்டால் எழுவான் என்று ரா.வுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"நான் உசுரோட இருக்கையில அந்தப் பய மடியில எம் மருமக உக்காரவா? கேஸு ஒனக்கும் மாப்பிள்ளைக்கும். எனக்கும் எம் மருமகளுக்கும் என்ன கேஸு?"

அந்தக் கேள்வியில் பிழை தேடினேன். இரண்டு பட்டம் படித்தவள்.

அண்ணி, வாசலில் இருந்து: "இவுக மடியில உக்காந்ததும் ஆசாரி ஊசிய எடுக்கவும் ஒரு சத்தமில்ல பாத்துக்க. புள்ள கல்லு மாதிரி இருந்தா. இவுகதான் அழுதாக."

அண்ணன் அவளை முறைத்தான்.

சீர் (அண்ணி சொன்ன வரிசையில்): தோடு. பட்டுப்பாவாடை. மாலை இரண்டு. வாழைத்தார். பழத்தட்டு, பூத்தட்டு. கிடா. மேளம் தனியாக.

நான் ரா. வீட்டைவிட்டுக் கூடலூர் வந்தபோது என் பெட்டியை பஸ்ஸில் இருந்து இறக்க இதே அண்ணனைக் கூப்பிட்டேன். ஊர் பார்க்கும், இருட்டினதும் வருகிறேன் என்றான். நானே இறக்கினேன்.

அம்மாவும் போயிருக்கிறாள். "ஒனக்கும் சேத்துத்தான்த்தா கும்புட்டேன்." எனக்காக என்ன கேட்டாய் என்று கேட்டேன். "நீ புருசனோட சேந்து இருக்கணும்னு." சாமியிடமே எதிர்மனு.

சாப்பிடாமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் பசி.

ஜூன் 10, செவ்வாய்

காலேஜ் திறக்கவில்லை இன்னும். வருகைப்பதிவேடு, பாடத்திட்டம். உடன் வேலை பார்ப்பவர்கள் என்னைக் கண்டதும் தங்கள் பிள்ளைகளைப் பற்றிய பேச்சை நிறுத்துகிறார்கள். நல்ல மனிதர்கள். நிறுத்தாமல் இருந்தால் தேவலை.

மாலை வக்கீல் அறை. மேசையில் படங்கள். எதிர்த்தரப்பு நேற்றே தாக்கல் செய்துவிட்டது. கலர் பிரிண்ட், ஒவ்வொன்றின் ஓரத்திலும் முத்திரை.

1. அண்ணன் மடியில் பாப்பா, இருவருக்கும் மாலை.
2. பந்தியில் ரா.வும் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில். அண்ணன் இலையில் ரா. ஏதோ வைக்கிறார். சிரிப்பு.
3. அம்மா, என் மாமியார், நடுவில் மொட்டைப் பாப்பா.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "நம்ம மனுவுல ஏழாவது பத்தி ஞாபகம் இருக்காம்மா?"

இருக்கிறது. நானே தமிழைத் திருத்திக்கொடுத்த பத்தி. 'எதிர்மனுதாரர் என் பிறந்த வீட்டார் எவரையும் குழந்தையைக் காண அனுமதிப்பதில்லை.' எழுதிய நாளில் முழு உண்மை. போன வருடம் அண்ணன் திருவிழாப் பலகாரம் கொண்டுபோனபோது வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

"இப்ப அந்தப் பத்தியப் பொய்னு காட்டுவாங்க. ஒண்ணு பொய்யினா மத்ததும் பொய்யினுவாங்க. தாய் வீடே வந்து சீர் செஞ்சிருக்கு, தாய்க்கு மட்டும் வர மனசில்லைனுவாங்க."

"எனக்கு யாரும் சொல்லல மேடம்."

"அத நீங்க சொன்னா பத்தாது. உங்க அண்ணன் சொல்லணும். தங்கச்சிக்குத் தெரியாமத்தான் போனேன், அதுக்கு முன்னால என்னைய உள்ள விடலைனு ஒரு பிரமாண வாக்குமூலம். முடிஞ்சா வெள்ளிக்கிழமை நேர்லயே வரட்டும்."

பிறகு, எழுந்து விளக்கைப் போட்டபடி: "பாப்பாவுக்கு அஞ்சு முடியப்போகுது. அஞ்சு வரைக்கும் பொதுவா தாய்கிட்டதான்னு சட்டம் நமக்குக் கை குடுக்கும். அதுக்கப்புறம் அதைச் சொல்லி நிக்க முடியாது. வாய்தா வாங்கியே தள்ளுவாங்க."

இரண்டு வருடம் முன்பு பாப்பாவை ரா. வீட்டில் விட்டுவிட்டு வந்து, இங்கே அல்லிநகரத்தில் வேலையில் சேர்ந்தேன். வீடு பிடித்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடப் போனேன். அந்த ஒரு வாரத்துக்குள் வாசல் மாறிவிட்டது, என்னை உள்ளே விடவில்லை. அதிலிருந்து தூக்கத்திலும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மனுதாரர் பணிவுடன் கோருவது. மனுதாரர் பணிவுடன்.

வாங்க வேண்டியது: பால், பேனா, கொசுவத்தி, பாப்பா காதுக்கு மருந்து (சனிக்கிழமை கொடுத்தால் போடுவார்களா?).

ஜூன் 11, புதன்

அண்ணன் போனில். பின்னால் ஜீப்பில் ஆட்கள் ஏறும் சத்தம், ஒரு பெண் மலையாளத்தில் யாரையோ திட்டுவது.

"பொய் சொல்லச் சொல்லலண்ணே. எனக்குத் தெரியாமப் போனேன்னு மட்டும் சொல்லு."

"ஏத்தா, தங்கச்சிக்குத் தெரியாம களவாணி மாதிரிப் போய் உக்காந்தேன்னு கோர்ட்டுல சொல்லவா? வடக்குத்தெருக்காரன் கைதட்டிச் சிரிப்பான்."

"பிள்ளை எங்கிட்ட வரணும்ல?"

"வரும், வரும். இப்ப மாப்பிள்ளை வீட்டப் பகைச்சா நாளைக்கு அவ சமஞ்சா சடங்குக்கு என்னையக் கூப்புடுவாகளா? மாமன் கட்டுற ஓலைக் குச்ச ஆரு கட்டுவா?"

பத்து வருடத்துக்கு அப்பால் ஒரு பந்தலில் அவன் நிற்கிறான். அங்கே அவனுக்கு இடம் இருக்கிறது. அந்தப் பந்தலில் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டேன்.

"கிறுக்கு மாதிரிப் பேசாத." ஹார்ன். "ஆளு ஏறியாச்சு, வைக்கிறேன்."

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

ஜூன் 13, வெள்ளி

காற்று. லட்சுமிபுரம் ஸ்டாப்பில் இறங்கும்போது புடவையைப் பிடிக்கவா ஃபைலைப் பிடிக்கவா என்று தெரியவில்லை.

கோர்ட் வாசல் டீக்கடையில் ஒரு அக்கா: "கேஸு போட்டப்ப எங்க வக்கீலுக்குக் கல்யாணமே ஆகல. இப்ப அவரு மக பள்ளிக்கூடம் போகுது." கூட இருந்தவள்: "அந்த ஃபீசையும் நீதான்டி கட்டுற." இருவரும் சிரித்தார்கள். நானும்.

அண்ணன் வந்திருந்தான். எதிர்பார்க்கவில்லை. அதே வெள்ளை வேட்டி. தூணோரம் நின்று என்னிடம், "சாப்ட்டியா?" அவ்வளவுதான். வராந்தாவின் மறு கோடியில் ரா., பாப்பாவோடு. அவள் ஓடி வந்தாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஓடி வந்தாள், நான் கையை நீட்டினேன், அவன் குனிந்தான். அவன் இடுப்பில் ஏறிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். காது ஆறியிருக்கிறது.

உள்ளே. நீதிபதி படங்களைப் புரட்டினார். அண்ணனை முன்னால் அழைத்தார்.

"விசேஷத்துக்கு அழைப்பு யாருக்கு வந்தது?"

"எனக்குங்கய்யா. மாமன் நானு."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

துண்டை இந்தத் தோளில் இருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். என்னைப் பார்த்தான். ரா.வைப் பார்த்தான். வாயிற்பக்கம் பார்த்தான், அங்கே எங்கள் ஊர்க்காரர் இரண்டு பேர், ஏதோ நிலவழக்குக்கு வந்தவர்கள்.

"குடும்பத்துல எல்லாருக்கும் தெரியுங்கய்யா."

தன் பேனாவைத் திறந்து மூடினார் என் வக்கீல். ஏழாவது பத்தி முடிந்தது.

அதற்குப் பின் நீதிபதி கேட்டார், ரா.வின் வக்கீலிடம்: "மாமன் வீட்டோட சுமுகமா இருக்கீங்க, அதுக்குத்தானே இந்தப் படமெல்லாம்?" ஆமாம் என்றார் அவர், சந்தோஷமாக. "அப்படின்னா இரண்டாவது, நாலாவது சனி ஞாயிறு குழந்தை மாமன் வீட்டுல தங்குறதுல ஆட்சேபணை இருக்காதே?" அந்த வக்கீல் ரா.வைத் திரும்பிப் பார்த்தார். ரா. படத்தைப் பார்த்தார். ஆட்சேபணை சொல்ல முடியவில்லை.

பொறுப்பு: மாமன். இடம்: கூடலூர். தாய் விரும்பினால் உடன் தங்கலாம்.

'விரும்பினால்.'

பிள்ளையை என்னிடம் தருவது பற்றி: எதிர்த்தரப்பு பதில் சொல்ல அவகாசம் கேட்டது. ஆகஸ்டுக்கு ஒத்திவைப்பு. ஐந்து முடிந்திருக்கும்.

வெளியே வக்கீல், "ராத்திரி கூட வச்சுக்கலாம்ல, இது சின்ன விஷயம் இல்லம்மா," என்றார். இல்லைதான். நான் பெற்றவள் என்று சொல்லி இரண்டு வருடமாகக் கேட்டது. அவன் மாமன் என்று சொன்னதும் கிடைத்தது.

அண்ணன் முகத்தில் வெளிச்சம். "பாத்தியா, நான் வந்ததுனாலதான்." அவன் அதை நம்புகிறான். அது உண்மையும்கூட. அவன் சொன்ன ஒரு வாக்கியத்தால் என் வழக்கு ஒடிந்ததும் உண்மை. அதை அவனுக்கு எந்தத் தமிழில் சொல்வது என்று பஸ் ஸ்டாப் வரை யோசித்தேன்.

"பொய் சொன்னியேண்ணே."

"எம்மருமகளுக்காக ஒண்ணு சொன்னேன். இருக்கட்டும். நாளைக்கு ரெண்டாவது சனி. வருவியா, மாட்டியா?"

வர மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அவன் தயவு வேண்டாம் என்ற உறுதியை எத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

வீடு. ஃபைலைக் கட்டிலில் போட்டேன். இரண்டு வருடமாக என் பக்கத்தில் அவள் தூங்கியதில்லை. இடது பக்கம்தான் படுப்பாள். இப்போது எந்தப் பக்கம் என்று தெரியாது.

அண்ணிக்குப் போன் செய்தேன். நாளை ராத்திரி எனக்கும் பாப்பாவுக்கும் சேர்த்து உலை வையுங்கள் என்றேன்.