அட்டை இல்லாதவர்களெல்லாம் ஒரே ஆளாகிப்போன மத்தியானம்

இன்று காலை உன் மேசையை மாற்றினார்கள். இவ்வளவு நாளும் அதில் யாரையும் உட்கார விடாமல் நான் சண்டை போட்டு வைத்திருந்தது உனக்குத் தெரியாது. புதிதாக ஒரு பிள்ளை வேலைக்கு வந்திருக்கிறாள், அவளுக்கு இடம் வேண்டும் என்றார்கள், சரி என்று விட்டேன். கீழ் லாச்சியை இழுத்ததும் கராம்பு வாசம் மூக்கில் அடித்தது. பல்வலிக்கென்று உங்கள் அலவத்துகொட வீட்டுத் தோட்டத்திலிருந்து நீ கொண்டுவந்து கொட்டி வைத்தது. பல் டொக்டரிடம் போடி என்றால், "கராம்புக்கு நம்பர் எடுத்துக் காத்திருக்கத் தேவையில்ல" என்பாய். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அம்மாடி, உறைப்பு இன்னும் போகவில்லை. அழுதுவிடுவேனோ என்று பயந்தேன், வந்தது சிரிப்பு. சிரிப்பு வந்த சூட்டோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் ஒரே திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தவர்கள். கண்டி டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி, நான்கு கதிரை, ஒரு அலுமாரி, அவ்வளவுதான் கம்பனி. நாவலப்பிட்டிக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் வளர்ந்தவள் நான். என் வாய்க்குப் பயந்து மற்றவர்கள் ஒதுங்கிப் போவார்கள். நீ மட்டும் ஒதுங்கவில்லை. முதல் நாளே என் திரையில் இருந்த ப்ரோகிராமை எட்டிப் பார்த்து, "இது ஓடும். ஆனா பாக்க சகிக்கல" என்றாய். நான் ரெண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உன் உம்மா கட்டித் தந்த சோத்துப் பார்சலில் பாதியை என் பக்கம் தள்ளினாய். அதோடு கோபம் போச்சு.

நம் வேலையை வீட்டில் யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. டேட்டாபேஸிடம் ஒன்றைக் கேட்டால் அது வரிசை வரிசையாகக் கொட்டும். ஒரு ஆளுக்கு ஒரு வரி, அந்த வரியிலேயே ஊர், வயது, இடம் எல்லாம். அதை அப்படியே இணையப் பக்கத்தில் போட்டால் பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும். யாரை யாரோடு சேர்ப்பது, எதன் கீழ் எதை வைப்பது என்று நாம் மாற்றிக் கட்ட வேண்டும். நாம் பாவித்த ஃப்ரேம்வொர்க்கில் அது ஒரே ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியை எழுதுவதில் எனக்கு எவ்வளவு தலைக்கனம்! "சந்தைக் கூடையைக் கவிழ்த்த மாதிரி கொட்டினா ஆச்சா? மீனும் மரக்கறியும் ஒண்டாவே கிடக்கு" என்று நீ என்னைக் கிண்டல் செய்வாய்.

பிறகு அந்த மழை வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டி, நாவலப்பிட்டிப் பக்கத்து மலைகள் சரிந்தன. பாதை இல்லை, போன் இல்லை. பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், புத்த பன்சலை எல்லாம் முகாம். யார் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் சனம் கண்டியில் நின்று கதறியது. யாரும் சொல்லாமலேயே நாம் இருவரும் உட்கார்ந்து ஒன்றரை நாளில் ஒரு இணையப் பக்கம் செய்தோம். முகாம்களில் நின்ற இளைஞர்கள் பெயர்களை எழுதி, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி வந்து பதிவார்கள். தேடுகிறவர்கள் நம் பக்கத்தில் பார்ப்பார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. ஒரே ஆளை ரெண்டு முகாமில் ரெண்டு பேர் பதிந்துவிட்டார்கள். ஒரு ஆள் ஒரு தடவைதான் வர வேண்டும். பெயரை நம்பிப் பிரிக்க முடியாது. எங்கள் தோட்டத்தில் மட்டும் எத்தனை லெட்சுமி, எத்தனை ராமாயி என்று எனக்குத் தெரியாதா? அதனால் அடையாள அட்டை இலக்கத்தைப் பிடித்தேன். ஒரு இலக்கத்துக்கு ஒரு ஆள், அதே இலக்கம் திரும்ப வந்தால் பிந்தியது நிற்கும், முந்தியது போகும். எழுதி முடித்து, "பாத்தியா, ஒரே வரி" என்று உனக்குக் காட்டினேன். நீயும் தலையாட்டினாய். அதை நான் இன்னும் மறக்கவில்லை, நீயும்தான் தலையாட்டினாய்!

மறுநாள் பகல் பன்னிரண்டு இருக்கும், செல்வம் அண்ணன் படியேறி வந்தார். நம் கட்டடத்துக்குக் கீழே த்ரீவீல் ஓட்டுகிறவர். மனைவி குவைத்தில் வேலை. அம்மாவும் ஆறு வயது மகளும் சரிந்த மலைக்குக் கீழே இருந்த தோட்டத்தில். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. சேட்டு நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, எங்கம்மா பேரு மாரியாயி. மக பேரு ஹரிணி. கொஞ்சம் பாத்து சொல்லுங்க."

பார்த்தேன். இல்லை. எழுத்தை மாற்றி மாற்றித் தேடினேன். இல்லை. "அண்ணே, இன்னும் பதிஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றேன். அவர் சுவரில் சாய்ந்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ பக்கத்து மேசையில் அதே பக்கத்தை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தாய். திடீரென்று, "அந்த மனுசன் எங்க?" என்றாய்.

"எந்த மனுசன்?"

"கருப்பையா. எழுபத்தெட்டு வயசு. பத்து நிமிசத்துக்கு முந்தி இதில ஈந்தாரு. இப்ப அவர் இல்ல, ஒரு கைக்குழந்த ஈக்கி."

"நீ வேற எங்கயாவது பாத்திருப்ப. என் கோட்ல பிழை இல்ல." மூன்று நாள் தூக்கமில்லாத எரிச்சல் எனக்கு. குரல் கொஞ்சம் உயர்ந்தே போச்சு. செல்வம் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

நீ என் சத்தத்தைக் காதில் வாங்கவே இல்லை. திரையில் விரலை வைத்து முகாம் முகாமாக இறங்கினாய். இறங்கிக்கொண்டே கேட்டாய்: "எங்கடி புள்ளையள்? இவ்வளவு சனம் மலையால எறங்கி வந்தீக்கி, ஒரு சின்னப் புள்ள கூட இல்லையா? இந்தக் கைக்குழந்த மட்டும் தனியா நடந்து வந்ததா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சின்னப் பிள்ளைக்கு ஏது அடையாள அட்டை? அட்டையை லயத்திலேயே விட்டுவிட்டு உயிரைக் கையில் பிடித்து ஓடி வந்த கிழவிக்கு இலக்கம் எப்படி ஞாபகம் வரும்? பதிந்த பொடியன்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். என் ஒரே வரி அந்த வெறுமையையும் ஒரு இலக்கமாக எடுத்துக்கொண்டது. அட்டை இல்லாத அத்தனை பேரும் அதற்கு ஒரே ஆள். புதிதாக ஒருவரைப் பதியும்போதெல்லாம் முந்தினவர் பக்கத்திலிருந்து மறைந்துபோனார். டேட்டாபேஸ் அட்டவணையில் எல்லாரும் பத்திரமாகக் கிடந்தார்கள். நான்தான் அவர்களை மறைத்துவிட்டேன்.

நானடி, நான்! வேறு யாராவது செய்திருந்தாலும் பரவாயில்லை. என் அம்மா தன் அடையாள அட்டையை நாற்பது வயதில்தான் கையில் எடுத்தாள். அதற்காக அப்பா கிராம சேவகரிடமும் அரசாங்கக் கச்சேரிக்கும் அலைந்த அலைச்சலைப் பார்த்து வளர்ந்தவள் நான். அட்டை இல்லாதவர்களின் பிள்ளை, அட்டை இல்லாவிட்டால் ஆளே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறேன். கண் நிறைந்துவிட்டது.

நீ என் தோளில் ஒரு அடி வைத்தாய், நல்ல பலமாக. "அழுகிறத அப்பறம் பாப்போம். இப்ப மாத்து."

மாற்றினேன். அட்டை இருந்தால் அட்டை இலக்கம், இல்லாவிட்டால் அவரவர் பதிவின் சொந்த இலக்கம். யாரும் யாரையும் மறைக்க முடியாது. அனுப்பப் போன என் கையை நீ பிடித்தாய். "நில்லு. நூத்துக்கணக்கில வருவாங்க, அதில எத்தன மாரியாயி ஈப்பாங்க? இவர் எப்பிடிக் கண்டுபிடிப்பாரு? உங்க ஆக்கள் ஒருத்தர ஒருத்தர் எப்பிடிச் செல்லுவீங்க?"

எப்படிச் சொல்வோம்? லயத்தை வைத்துத்தான் சொல்வோம். எந்தத் தோட்டம், எத்தனையாம் லயம், அதில் எத்தனையாம் வீட்டுக் காம்பரா. படிவத்தில் "எங்கிருந்து வந்தவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. நாம் அதைப் பக்கத்தில் காட்டவே இல்லை. பதிந்த பொடியன்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஆனதால் ஒருவன் விடாமல் லயமும் காம்பராவும் எழுதியிருந்தான். நான் முகாம் வரிசையைக் கலைத்துவிட்டு, தோட்டத்தின் கீழ் லயம், லயத்தின் கீழ் காம்பரா, காம்பராவின் கீழ் ஆட்கள் என்று கட்டினேன். எந்த முகாம் என்பதை ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் போட்டேன். நீ கிழவி மாதிரி முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு வரியையும் சரி பார்த்தாய்.

பக்கம் திறந்தது. பிள்ளைகள்! எவ்வளவு பிள்ளைகள், அம்மா! கருப்பையா திரும்பி வந்துவிட்டார். கைக்குழந்தைக்குப் பக்கத்தில் தாய், தகப்பன், ரெண்டு அக்கா. செல்வம் அண்ணனைக் கூப்பிட்டு அவருடைய தோட்டத்தையும் லயத்தையும் தட்டினேன். அவர் குனிந்து வாசித்தார். தாயின் பெயரையோ மகளின் பெயரையோ தேடவில்லை. முதல் காம்பராவிலிருந்து வரிசையாக வாசித்தார்.

"ஒண்ணு, பெருமாள் மாமா வீடு... ரெண்டு, எல்லாரும் இருக்காங்க... மூணு, சிவகாமி அக்கா, புள்ளைங்க மூணு பேரும்... நாலு..." விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. "அஞ்சு..."

ஐந்தாம் காம்பரா அவருடையது. மாரியாயி, அட்டை இல்லை. ஹரிணி, ஆறு வயது, அட்டை இல்லை. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்து முகாமில்.

மனுசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "எங்க லயமே இருக்கு தங்கச்சி, எங்க லயமே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீ யன்னலைத் திறந்து, மழைக்குள் தலையை நீட்டி, கீழே நின்ற த்ரீவீல்காரர்களைப் பார்த்து "ஹம்புனா! கிடைச்சிட்டாங்க!" என்று கத்தினாயே, அலவத்துகொட வரைக்கும் கேட்டிருக்கும். கீழே அத்தனை பேரும் ஹோர்ன் அடித்தார்கள். துணிக்கடை முதலாளி என்னவோ ஏதோ என்று பதறி மேலே ஓடி வந்தார்.

நாம் தகவல் அனுப்பி அரை மணித்தியாலத்தில் முகாமிலிருந்து ஒரு பொடியன் ஹரிணியோடு மேட்டுக்கு ஏறி போன் எடுத்தான். அவளைப் பேச விட்டான். "அப்பா, எனக்கு புதுச் செருப்பு குடுத்தாங்க. ரெண்டும் இடது கால்" என்றாள். அப்போதுதான் செல்வம் அண்ணன் சிரித்தார். நாமும் சிரித்தோம், வயிறு நோகச் சிரித்தோம். பிறகு நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த ஆளக் கூப்பிடு" என்றாய். படியில் சனம் நிறைந்து நின்றது.

அதற்கு ரெண்டு வருசத்துக்குப் பிறகு உனக்கு நோய் வந்தது. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், நீயே அதைப் பற்றிப் பேச விட்டதில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று மையித்து வீட்டில் உன் உம்மா என் கையை விடாமல் பிடித்திருந்தார். உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. போய்விட்டாயே என்ற கோபம்தான். வேறு யாரோடு நான் சண்டை பிடிப்பது?

ஆனால் போன கிழமை நடந்ததைக் கேள். இடர் வந்தால் பாவிக்க ஒரு புதுப் பதிவேடு செய்யும் வேலை நம் கம்பனிக்குக் கிடைத்திருக்கிறது. கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர், அட்டை இலக்கம் கட்டாயம், அது இல்லாமல் ஆளைப் பதியக் கூடாது, சிஸ்டம் குழம்பிவிடும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழும்பினேன். நீ நக்கலடிப்பாயே, அதே உடைந்த சிங்களத்தில், "சேர், ஐந்து நிமிசம் தாருங்கள்" என்றேன்.

என் பழைய ஒரு வரியைத் திரும்ப எழுதிக்கொண்டு போயிருந்தேன். அறையில் இருந்த அத்தனை பேரையும் அட்டை இலக்கம் இல்லாமல் பதிந்தேன். முதலில் அதிகாரியை, பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் தேத்தண்ணி கொண்டுவந்த சுமனா அக்காவையும் பதிந்துவிட்டுப் பக்கத்தைப் புரொஜெக்டரில் திறந்தேன். சுவர் நிறைய ஒரே ஒரு பெயர், சுமனா அக்கா. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நான் எங்கே?" என்று கேட்டார். "சேர், உங்களைத்தான் உங்கள் மகள் அழுதுகொண்டு தேடுகிறாள்" என்றேன். சுமனா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலில் யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. பிறகு அதிகாரியே சிரித்தார். "கட்டாயம்" என்ற சொல்லை என் கண் முன்னாலேயே வெட்டினார்கள். அட்டை இல்லாதவரும் அவரவர் வரியில், அவரவர் லயத்தோடு, அவரவர் வீட்டோடு இருப்பார்கள். வென்றுவிட்டோமடி!

எழும்பும்போது அதிகாரி, இந்தப் பிழையை முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். இந்த ஒரு கேள்விக்காகவே அன்றைக்குப் போனது போல எனக்கு இருந்தது. உன் பெயரை முழுதாக, சத்தமாக, தெளிவாகச் சொன்னேன். குறிப்பெடுத்த பிள்ளை எழுத்துக் கூட்டி ஒருமுறை திருப்பிக் கேட்டு, கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டாள். அட்டை இலக்கம் என்னவென்று யாரும் கேட்கவில்லை.