நிமிடத்துக்கொரு முறை விழிக்கும் பெட்டி

ஒக்டோபர் 9

தேயிலைத் தோட்டத்துக் கீழ்லயத்து வீட்டு வரிசையைச் சுற்றியுள்ள மரங்களில் சுஜீவன் இன்று பெட்டிகளைக் கட்டி முடித்தார். கழுத்தில் போட ஆளுக்கொரு வில்லை. மண் சரிந்தால் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று என் போனில் தெரியுமாம். பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பெட்டி தூங்கும். நிமிடத்துக்கொரு முறை விழித்து வில்லைகளைத் தேடும்.

“தூங்குமா? அப்ப நம்மள வேல வாங்குற கண்டாக்கையா மாதிரின்னு சொல்லுங்க.” நாகலெட்சுமி அக்கா சொன்னதும் லயமே சிரித்தது. பிறகு வில்லையைத் தாலிக் கயிற்றிலேயே கோத்துக்கொண்டார். “டீச்சர் கட்டிக்கப் போறவரு செஞ்சது. நம்பலாங்க.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நவம்பர் 12

பெட்டித் திட்டத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். ஒரே பேட்டரி வருஷம் முழுக்க நிற்கும் என்று சுஜீவன் சொன்னதும் கைதட்டல். சுஜீவன் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தார்.

நவம்பர் 28

விடாத மழை. பள்ளிக்கூடம் இல்லை.

நவம்பர் 29

விடியும்போது சரிந்துவிட்டது. கீழ்லயமும், கொழுந்து நிறுக்கும் மடுவமும் மண்ணுக்குள். மற்ற எல்லாரும் மேலே ஓடி வந்துவிட்டார்கள், அக்காவைக் காணோம். புருஷன் வீரய்யா அண்ணனுக்கு ஃபெக்டரியில் இரவு வேலை. நான்தான் போனைப் பார்த்துச் சொன்னேன், அக்கா மடுவத்தில் என்று. இருட்டும்வரை அங்கேயே தோண்டினார்கள்.

நவம்பர் 30

அக்கா கிடைத்தார். மடுவத்தில் இல்லை, தன் வீட்டு அடுப்படியில். உயிர் இல்லை; உடம்பில் இன்னும் சூடு இருந்ததாம். வில்லையில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 3

சுஜீவனைக் கேட்டேன். வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக, இரண்டு நாளைக்கு ஒருமுறை பெட்டி விழித்தால் போதும் என்று மாற்றியிருக்கிறான். திரும்ப மாற்றவில்லை. நான் போனில் பார்த்தது, சரிவுக்கு முதல்நாள் பின்னேரம் அக்கா கொழுந்தை நிறுத்துக் கொடுத்த இடம்.

“பேட்டரி நிக்கலன்னா திட்டமே போயிருக்கும், பெற்றீசியா. பெறகு மாத்தலாம்னுதான் இருந்தேன். யார்கிட்டயும் சொல்லிடாத. நமக்குக் கல்யாணம் இருக்கு.”

கல்யாணமா? ஒரு வார்த்தை — என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் வாயாலதானே அந்த லயத்தையே நம்ப வச்ச? பாவி.

டிசம்பர் 4

அவன் அழைத்துக்கொண்டே இருக்கிறான். எடுக்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

மாதா கோவில் பூசையில் எங்கள் முதல் கல்யாண ஓலையை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்றார் சுவாமி. அவன் முன்வரிசையில் தலைகுனிந்து நின்றான்.

வீரய்யா அண்ணனைக் கூட்டிக்கொண்டு சுவாமி வீட்டுக்குப் போனேன். அண்ணனை என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் சொல்லத் தொடங்கினேன்.