இரண்டரைப் பாகத் தண்ணீர்

சுவா,
ஜூலை 9

அன்புள்ள அகனிசிக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். கான்பெராவில் காலையில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோகிறது என்று எழுதியிருந்தாய். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. லைசா கணக்கில் தேறிவிட்டாள். தொமாசிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அம்மாவிடம் நானே சொல்லுவேன் என்கிறான். அதனால் உனக்குத் தெரியாத மாதிரி இரு.

இனி எழுதப்போவதைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வராது.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கப்பலை வதுலோவாவில் புதுத் துறையில் கட்டினோம். பதினாறு வருடமாக அந்தத் தீவுக்கு நான் எஞ்சின் ஓட்டிப் போகிறேன். பவளப்பாறைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சரக்கையும் சனத்தையும் படகில் ஏற்றி இறக்கியே பழக்கம். துறையை நெருங்கும்போது கேப்டன் என்னை மேலே கூப்பிட்டார். “இனோகே, ஒன் வீட்டுக்காரி எழுதின ஆழம் சரியான்னு நீயே பாத்துக்க” என்று ஆழமானியைக் காட்டினார். கடல் வற்றியிருந்த நேரம். இரண்டரைப் பாகம், அதாவது பதினைந்து அடி, காட்டியது. நீ எழுதியது அதுவேதான். எங்கள் கப்பலுக்குப் போதும். போர்க்கப்பல் வந்தால் அடி தட்டும்.

உன்னைப் போன்ற பாதுகாப்பு ஆய்வாளர் என்றால் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவர் என்றுதான் இத்தனை வருடம் நான் நினைத்திருந்தேன். அந்நிய நாடு கட்டித்தரும் துறை போர்க்கப்பலுக்குத்தான் என்று பெரிய பெரிய நிபுணர்கள் வரைபடத்தைப் பார்த்தே எழுதினார்கள். நீ மட்டும் ஆறு வாரம் அங்கே போய் இருந்தாய். அங்கே என்ன செய்தாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது வசிதி சொன்னாள். உனக்குத் தோணி தள்ளியவள். கரையில் இறங்கியதுமே கையைப் பிடித்துக்கொண்டாள். “மாப்பிள்ளை, ஒங்க பொண்டாட்டி கயித்துல கல்லைக் கட்டி நூத்திநாப்பது எடத்துல எறக்கிப் பாத்தா. பாதி எடத்துல வாந்தி. வாயத் தொடச்சுக்கிட்டு, ‘அக்கா, அடுத்த எடம்’னா. வடக்கு விரிகுடாவுல எறக்கினப்போ கயிறே தீந்துபோச்சு, கல்லு தரை தட்டல. கயித்தைச் சுருட்டிட்டு, ‘அக்கா, அந்தத் துறை ஒப்பந்தத்தை எனக்குக் காட்டுவாங்களா’ன்னு கேட்டா.”

கப்பல்காரன் பெண்டாட்டிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஒப்பந்தத்தின் முப்பத்தொன்றாம் பக்கத்தில், சரக்கு வைக்க என்று, போர்க்கப்பலே நிற்கும் ஆழமுள்ள, ஆள் இல்லாத அந்த வடக்குக் கரை முழுவதையும் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைக்குக் கேட்டிருந்தார்களாம். துறை வேண்டும், அந்தப் பக்கம் வேண்டாம் என்று நீ எழுதினாய். துறை வேண்டும் என்றவர்கள் உன்னைக் கான்பெராவின் கையாள் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள், அந்நியன் விலைக்கு வாங்கிவிட்டான் என்றார்கள். வேலை போயிற்று. தீவுக்காரர்கள் மட்டும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து உன் அறிக்கையை இரண்டு நாள் வாய்விட்டு வாசித்திருக்கிறார்கள். ஊர்த் தலைவர் என்னிடம் சொன்னார்: “அந்தப் பக்கத்த எடுத்தாத்தான் கையெழுத்துன்னு ஒக்காந்துட்டோம். ஏழு மாசம் இழுத்தாங்க. அப்புறம் எடுத்தாங்க.”

நான்கு வருடத்துக்கு முன் வசிதியின் மகளைப் பிரசவத்துக்காகப் படகில் கொண்டுவந்தபோது, அலையில் கப்பலை நெருங்க முடியாமல் படகிலேயே அவள் உயிர் போய்விட்டது. அன்று நான் மேல்தளத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை வசிதியின் மருமகள், ஒன்பது மாத வயிற்றோடு, பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் காலாலேயே நடந்து கப்பலில் ஏறினாள். நான் எஞ்சின் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரிய வல்லரசு கேட்டதில் ஒரு பக்கத்தைக் குறைத்தவள் என் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள் என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு வேலை போன வாரம் துறைமுகத்தில் கவா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தபோது, “வாப்பா, உளவாளி புருஷா” என்று ஒருவன் கூப்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து நீ வைத்த மீனைச் சாப்பிட்டேன்.

அங்கேயே ஐந்து வருட வேலைக்குக் கையெழுத்துப் போடட்டுமா, வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வா என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உன் வேலையைப் பற்றி யோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நீ எதை முடிவு செய்தாலும் ஆண்டவர் உன் பக்கம் இருக்கட்டும்.

டிசம்பரில் எனக்கு ஒரு மாத விடுமுறை. பிள்ளைகளை நிச்சயம் அனுப்புவேன். அவர்களோடு நானும் வரலாமா என்று ஒரு வரி எழுது.

உன்
இனோகே