வார் மாட்டித்தான் இருந்தது

வெள்ளகோவில்
12.6.1994

அன்புள்ள லின்சி அக்காவுக்கு அன்புச்செல்வி எழுதுவது.

பேப்பரில் உங்கள் படம் பார்த்தேன். கழுத்தில் தங்க மெடல், கையில் வாள், முகத்தில் அந்த அசட்டுச் சிரிப்பு. நேஷனலில் ஜெயித்தவர் என் கூட்டாளி என்று அம்மா வேலை செய்யும் தறிக்குடோனில் எல்லோரிடமும் காட்டினேன். எனக்கு வலது கண்ணை எடுத்துவிட்டார்கள் அக்கா. இடது கண் நன்றாகத் தெரிகிறது.

ஒரு உதவி வேண்டும். பிராக்டீஸில் உங்கள் வாள் உடைந்து என் கண்ணில் ஏறியதே, அதற்கு நான் மாஸ்க் வாரை மாட்டாமல் ஆடியதுதான் காரணம் என்று கோச் திருமலைசாமி சார் வாள்வீச்சுச் சங்கத்துக்கு எழுதிவிட்டாராம். என் தவறு என்றால் அவர்கள் சொன்ன வேலை கிடைக்காது. அம்மாவும் நம்பிவிட்டார். "நீ எப்பவுமே அவசரக்காரிதானே" என்கிறார். அன்று என் எதிரே நின்றது நீங்கள் மட்டும்தான். வார் மாட்டித்தான் இருந்தது என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். ஜூலை இருபதாம் தேதி கூட்டம்.

உங்கள் தங்கை
அன்புச்செல்வி

*

கோயம்புத்தூர்
24.6.1994

அன்புக் கண்ணு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் உனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன். அப்பா தினமும் உன்னைக் கேட்கிறார். லேத் பட்டறையில் வேலையே ஓடவில்லையாம் அவருக்கு.

மாஸ்க் விஷயம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை அம்மணி. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் பாட்டியாலாவில் கேம்ப். அங்கே தேறினால்தான் வெளிநாட்டுப் போட்டி. இந்த நேரத்தில் சாரை எதிர்த்து நான் எழுதினால் என்னாகும் என்று உனக்கே தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள். சத்து மாவு அனுப்பியிருக்கிறேன், மறக்காமல் குடி.

உன் அக்கா
லின்சி

*

வெள்ளகோவில்
4.7.1994

அன்புள்ள அக்காவுக்கு,

கேம்ப் விலாசத்தை உங்கள் அப்பாவிடம் வாங்கி எழுதுகிறேன். மாவு வந்தது, நன்றி.

ஞாபகம் இல்லை என்கிறீர்கள். வாரை இழுத்து மாட்டிவிட்டதே நீங்கள்தானே. "முடி சிக்குதா கண்ணு?" என்றுகூடக் கேட்டீர்கள்.

போன வருஷம் ஈரோட்டில் என் வாள்முனை உங்கள் தோளில் பட்டதை நடுவர்கள் ஒருவருமே பார்க்கவில்லை. வாள்வீச்சில் பட்டவர்தான் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்களே கையைத் தூக்கினீர்கள். அந்த ஒரு புள்ளியில் தோற்றீர்கள். வெளியே வந்து எனக்குக் கரும்புச்சாறு வாங்கித் தந்தீர்கள். அந்த அக்காவைத்தான் கேட்கிறேன். இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

அன்புச்செல்வி

*

பாட்டியாலா
17.7.1994

என் அன்புக்கு,

வார் மாட்டித்தான் இருந்தது. அதைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சங்கத்தில் கொடுத்துவிடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தால் நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய். அந்த வாள் ஏற்கெனவே ஒருமுறை உடைந்தது. குப்பையில் போடச் சொன்னார் சார். நமக்கு இருந்ததே மூன்று வாள். டெல்லியிலிருந்து புதிது வருவதற்குள் நேஷனல் முடிந்துவிடும். அதனால் யாருக்கும் தெரியாமல் அப்பாவிடம் கொண்டுபோனேன். "டிராக்டர் அச்சையே ஒட்டவெச்சவன் கண்ணு நானு, இது எங்கெ ஒடையப்போவுது" என்று வெல்டிங் வைத்து, தடம் தெரியாமல் தேய்த்துக் கொடுத்தார். திரும்பக் கொண்டுவந்து ஆணியில் மாட்டியது நான்தான். அன்று அதைத்தான் கையில் எடுத்தேன்.

முன்பே எழுதியிருக்க வேண்டும். பயந்தேன். நேற்றுதான் வெளிநாட்டுப் போட்டிக்கு லிஸ்ட் போட்டார்கள், என் பெயர் இருக்கிறது. இனி என்னை நீக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். வெல்டிங் விஷயத்தை மட்டும் வெளியே விடாதே அம்மணி, அப்பாவைப் போலீசில் பிடித்துவிடுவார்கள். அங்கே நம் இருவருக்கும் சேர்த்து ஆடுவேன்.

லின்சி

*

வெள்ளகோவில்
26.7.1994

லின்சி அக்காவுக்கு,

உங்கள் தபால் இன்று வந்தது. கூட்டம் இருபதாம் தேதியே முடிந்துவிட்டது. என் கவனக்குறைவுதான் என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். யாரும் மிரட்டவில்லை. நீங்கள் எழுதாததால், மாட்டாமல்தான் ஆடினேனோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. ஒரு மாதமாக என்னையே திட்டிக்கொண்டு கிடந்தேன்.

எங்கள் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, உங்கள் கடிதத்தை வாசித்துக்காட்டச் சொன்னார். வெல்டிங் வைத்த இடத்தை விட்டுவிட்டு வாசித்தேன். உங்களுக்காக அல்ல. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் உங்கள் அப்பா சகாயம் மாமாதான் கஞ்சி கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்க்காமலே டம்ளரை நீட்டுவார். ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. பாவம் அவர்.

வாளை ஒட்டவைத்தது ஆசையில் செய்தது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் செய்திருப்பேன். கண் போனதற்கு உங்கள்மேல் கோபம் இல்லை. லிஸ்ட் வரட்டும் என்று காத்திருந்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நேற்றிலிருந்து நானும் தறிக்குப் போகிறேன். இழை அறுந்தால் கண்டுபிடிக்க நேரமாகிறது. ஒரு வாரம் பார்க்கலாம் என்றிருக்கிறார் முதலாளி.

போட்டியில் நன்றாக ஆடுங்கள். என் பேரைச் சொல்லி ஆட வேண்டாம். இனிமேல் கடிதமும் வேண்டாம்.

ஆ. அன்புச்செல்வி