வடிவின் கம்பைலர் நின்ற இடம்

என் அன்புக்குரிய வடிவின் அய்யாவுக்கு,

முதலில் செய்தி. நம் மகள் தேறிவிட்டாள். வகுப்பிலேயே முதல் மதிப்பெண். நீங்கள் இருந்திருந்தால் இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊர் வரை எல்லோரையும் நிறுத்திச் சொல்லியிருப்பீர்கள். நீங்கள் இல்லாததால் நான் சொன்னேன். ஒருவரையும் விடவில்லை.

அவள் சென்னையில் என்ன படிக்கிறாள் என்று கடைசிவரை உங்களுக்கு விளங்கவில்லை. எனக்கும் போன வருடம்தான் விளங்கியது. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுத ஒரு மொழி வேண்டும். அந்த மொழியை அமைப்பது ஒரு வேலை. அதில் எழுதியதைப் படித்து, பிழை பார்த்து, இயந்திரம் செய்யக்கூடியதாக மாற்றித் தருவதற்குக் கம்பைலர் என்று ஒன்றை எழுதுவது இன்னொரு வேலை. கான்வென்டில் எங்களுக்குப் பாடம் எடுத்த சிஸ்டரைப் போல அது; ஒரு கமா விட்டாலும் மேலே போகவிடாது. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

உங்கள் தம்பிக்குப் பிடிக்கவில்லை. "மிஷினோட பேசுறதுக்கு ஒரு படிப்பா மதினி? இந்த வருசமும் தேறலைன்னா கூட்டிட்டு வந்துருங்க. மாப்பிள்ளை வீட்டுல எத்தன நாளைக்குக் காத்திருப்பாக?" ஏற்கெனவே ஒரு பாடத்தில் தோற்றிருந்தாள். அதனால் நானும் சரியென்று சொல்லிவிட்டேன்.

கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்டுக்காக வடிவு சின்னதாக ஒரு மொழியை அமைத்தாள். நம் ஊர்க் கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்கு முறைவைத்துப் பங்கிடுவதற்கான மொழி. எந்த வயலுக்குப் பின் எந்த வயல் என்று ஊர் வைத்திருக்கும் விதிகளை அதில் எழுதினால், கம்பைலர் நாள்வாரிப் பட்டியலாக ஆக்கித் தரும். விதிகளை, ஊர்த் தண்ணீர்ப் பங்கைப் பார்த்துவந்த நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிவைத்த நோட்டிலிருந்து எடுத்தாள்.

தேர்வன்று பேராசிரியர் என்னையும் பின்வரிசையில் உட்காரவிட்டார். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். நல்ல மழை வருடத்துக்கான பட்டியல் கச்சிதமாக வந்தது. "மழை குறைஞ்ச வருஷத்துக்குப் போட்டுக் காட்டும்மா" என்றார் தேர்வாளர். அதை அவள் ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்திருக்கவில்லை. போட்டாள். பட்டியல் வரவில்லை.

"என்னம்மா, நின்னுபோச்சு?"

வடிவு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். "மேல்வயல் கோயில் வயலுக்காகக் காத்திருக்கு சார். கோயில் வயல் கடைவயலுக்காக. கடைவயல் மேல்வயலுக்காக. யாருமே தொடங்க முடியாது. அதான் நிறுத்திருச்சு."

"ஏதாவது ஒண்ண உன் கம்பைலரே விட்டுட்டுப் போகவேண்டியதுதானே?"

"எதை விடுறதுன்னு அது முடிவு பண்ணக் கூடாது சார். விதி எழுதினவுகதான் பண்ணணும். எங்க தப்புன்னு காட்டுறது மட்டும்தான் அது வேலை."

"தப்பு உன் ப்ரோக்ராம்ல இல்லைன்னு எப்படி நம்புறது?"

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. நோட்டோடு எழுந்தேன். "எழுதினது நான் சார். விதியே அப்படித்தான் இருக்கு. மழை கொறஞ்ச வருசமெல்லாம் மடையத் தொறக்குறதுக்கு முன்னாடி எங்க ஊர்ல அடிதடிதான்." உடன் படிக்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி மூன்று விதிகளையும் விரல் வைத்துப் படித்தார். "சரியான இடத்துலதான் நின்னிருக்கு" என்று வடிவுக்குக் கை கொடுத்தார்.

கோயில் வயலுக்குப் பின்தான் மேல்வயல் என்பது பழைய வழக்கம். மேல்வயல் நனையாமல் கடைவயலுக்குப் போகக்கூடாது என்பது உங்கள் அய்யா சேர்த்தது. மழை குறைந்தால் கடைவயல் நனைந்த பிறகே கோயில் வயல் என்பது இரக்கப்பட்டு நீங்கள் சேர்த்தது. மூன்றையும் ஒரே பக்கத்தில், அழகான கையெழுத்தில் எழுதியவள் நான். அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி விட்டாலும் கண்டுபிடிக்கிறவள், இதைப் பார்க்கவில்லை. நீங்கள் கரையில் நின்று, "ஏலே, இன்னைக்கு இங்கன தொறங்க" என்றால் சண்டை அடங்கிவிடும். கோளாறு விதியில் இருக்கிறதென்று யாருக்குத் தோன்றும்? உங்களுக்காவது தோன்றியதா?

ஊருக்கு வந்ததும் உங்கள் தம்பியிடம் நோட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளைப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

"எந்த விதிய எடுக்கப் போறீக மதினி?"

"உங்க அய்யா சேத்தத."

"மேல்வயலு நம்ம வயலுல்ல?"

"அதனாலதான்."

"அண்ணன் இருந்தா ஒத்துக்கிருவாரா?"

"மக வாங்குன மார்க்கப் பாத்தா எதுக்கும் ஒத்துக்கிருவாரு" என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

ஒத்துக்கொள்வீர்கள்தானே?

வருகிற மழைக்கு முன் ஊர்க்கூட்டத்தில், வடிவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அந்த வரியை என் கையாலேயே அடிப்பேன். கண்மாய் எவ்வளவு வற்றினாலும் இனி முதல் தண்ணீர் கடைவயலுக்கு. நம் வயல் காத்திருக்கும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மனைவி,
கம்பைலர் எழுதியவளின் அம்மா